சின்ன வால்வு கிட்டார் ஆம்புக்கு மாற்று ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் ஏதாவது எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் 8 இஞ்ச் ஸ்பீக்கர் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் கார் வூஃபரை எடுத்து வைப்பார்கள். இல்லையென்றால் ரேடியோ செட்காரர்கள் வாங்கும் பி.ஏ. ஸ்பீக்கர். என்னுடைய 5 வாட் வால்வு ஆம்பின் (கண்ணாடிக் குழாய் வால்வுகளை வைத்துக் கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) ஸ்பீக்கர் கிழிந்தபோது நானும் அப்படித்தான் ஒரு கார் வூஃபரை வாங்கி வந்தேன். பின்னால் இட்லித் தட்டு அளவுக்குக் காந்தம், மேலே 150 வாட் என்று தங்க எழுத்து. "இதைவிடப் பெருசு வராது தம்பி" என்றார் கடைக்காரர். மாட்டி வாசித்தால் ஆம்ப் மேல் கம்பளியைப் போர்த்தியது போலச் சத்தம். கிழிந்த பழைய ஸ்பீக்கரே அதைவிடச் சத்தமாக இருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. சர்ச்சில் வாசிக்கும் பையன்கள், கச்சேரிக்குப் போகும் நண்பர்கள் என்று பலரும் இப்போது இதே கேள்வியோடு வருகிறார்கள். எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஸ்பீக்கரில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட் எண்ணைக் கடைசியில் பாருங்கள். ஓம், அளவு, சென்சிட்டிவிட்டி, அப்புறம்தான் வாட்.

முதலில், கோளாறு ஸ்பீக்கரில்தானா?

காசு செலவழிக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். என்னிடம் "ஸ்பீக்கர் போயிடுச்சுணா" என்று வரும் ஆம்புகளில் நிறையவற்றில் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும். தளர்ந்த ஸ்குரூ, கிரில் துணிக்குப் பின்னால் விட்டுப்போன ஆணி, சாக்கெட்டில் ஆடும் வால்வு எல்லாம் ஸ்பீக்கர் கிழிந்தது போலவே கரகரக்கும். இன்னொன்று கரண்ட். சாயங்காலம் ஊரில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் வால்வு ஆம்ப் சோர்ந்துதான் பேசும். அந்த நேரத்துச் சத்தத்தை வைத்து ஸ்பீக்கரைக் குறை சொல்லக் கூடாது.

சோதனை எளிது. ஆம்பை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். கோனின் (ஸ்பீக்கரின் முன்னால் அசையும் காகிதக் கூம்பு) இரு பக்கமும் விரல் நுனிகளை வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். மணல் உரசுவது போலக் கேட்டால் வாய்ஸ் காயில், அதாவது கோனோடு ஒட்டி அசையும் கம்பிச் சுருள், காந்தத்தில் உரசுகிறது. அடுத்து, 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டொக்' என்று கோன் அசைந்தால் காயில் அறுபடவில்லை. அசைவே இல்லையென்றால் காயிலோ, அதற்குப் போகும் பின்னல் வயரோ விட்டுப்போயிருக்கிறது.

பின்பக்கம் திறந்த ஆம்பாக இருந்தால் கோனின் பின்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த ஆம்பின் கோனை எலி கடித்திருக்கும். சட்டத்துக்கும் கோனுக்கும் நடுவில் குளவி மண் கூடு கட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். கூட்டைப் பெயர்த்து எடுத்ததும் அந்த ஸ்பீக்கர் நன்றாகவே பாடியது.

முடிந்தால் இன்னொரு ஆம்பின் ஸ்பீக்கரில் உங்கள் ஆம்பை இணைத்துப் பாருங்கள், ஓம் ஒன்றாக இருக்க வேண்டும். அதிலும் அதே கரகரப்பு வந்தால் கோளாறு ஆம்பில்தான்.

ஓம்

ஆம்ப் அனுப்பும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பின் அளவுதான் ஓம். வால்வு ஆம்பில் விளையாடக் கூடாத இடம் இது. டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்ப் அப்படி இல்லை. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஓர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஓட்டி வாசித்தால் அந்தச் சக்தி போக வழியில்லாமல் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் கம்பிச் சுற்றில் (வால்வு பக்கம் இருப்பது) வோல்டேஜ் எகிறும். உள்ளே மின்காப்பு உடைந்து டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். அதை மாற்றும் செலவு ஸ்பீக்கரைவிட அதிகமாகக்கூட ஆகலாம். அதனால் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு "சும்மா ஆன் ஆகுதா பார்ப்போம்" என்று வால்வு ஆம்பை ஒருபோதும் போடாதீர்கள்.

ஓம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 6வி6 வால்வு ஒன்றே ஒன்று இருக்கும் 5 வாட் ஆம்பில், வால்வு தன் எதிரே ஏறத்தாழ 5000 ஓம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரோ 4 ஓம். இந்த 1250 மடங்கு வித்தியாசத்தை ஈடு செய்வதுதான் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. சுற்றுகளின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் ஓம்களின் விகிதம் வரும், ஆகவே இங்கே முதல் சுற்றில் 35 என்றால் இரண்டாவதில் 1. இப்போது 4 ஓமுக்குப் பதில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்குத் தெரிவது 5000 அல்ல, 10,000. சத்தம் குறையும், குணம் மாறும். இப்படி ஒரு படி மாறினால் சின்ன ஆம்ப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் புதிதாகக் காசு போட்டு வாங்கும்போது ஏன் தப்பான எண்ணை வாங்க வேண்டும்? சரியாக அதே ஓம் வாங்குங்கள்.

உங்கள் ஆம்ப் எத்தனை ஓம் என்று பின்பக்க ஜாக்கின் அருகிலேயே எழுதியிருக்கும். ஃபெண்டர் சாம்ப் வகை ஆம்புகளில் 4 ஓம், ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரில் 8, வாக்ஸ் ஏசி4டிவியில் 16. எழுதாவிட்டால் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தில் பாருங்கள். அதுவும் அழிந்திருந்தால் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். மீட்டர் காட்டும் எண் ஸ்பீக்கரின் ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது அளப்பது காயில் கம்பியின் வெறும் மின்தடையை மட்டும். 3 முதல் 3.5 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். 6 முதல் 7 என்றால் 8 ஓம். 12 அல்லது 13 என்றால் 16 ஓம். தர்மபுரியில் வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்த்த ஒரு பெரியவர்தான் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். அதுவரை மீட்டரில் 6.4 வருகிறதே, இது என்ன ஸ்பீக்கர் என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரே மாடல் 8 ஓமிலும் 16 ஓமிலும் தனித்தனியாக வரும். வாங்கிய பிறகு மாற்ற முடியாது. ஆர்டர் போடும்போது பெயரை மட்டும் பார்க்காமல் ஓமையும் இரண்டு முறை பாருங்கள்.

அளவு: டேப் எடுத்து அளந்துவிடுங்கள்

8 இஞ்ச் பெட்டிக்கு 8 இஞ்ச், 12 இஞ்ச் பெட்டிக்கு 12 இஞ்ச். கேட்பதற்கு அவ்வளவுதான். உண்மையில் சிக்கல் வருவது ஆழத்தில். சின்ன ஆம்பின் பெட்டிக்குள் வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கருக்கு நேர் மேலே தொங்கும். புது ஸ்பீக்கரின் காந்தம் பெரிதாக இருந்தால் வால்வில் முட்டும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரில். தயாரிப்பாளர் தரும் படத்தில் காந்தத்தின் விட்டமும் மொத்த ஆழமும் மில்லிமீட்டரில் இருக்கும். அந்த அளவுக்கு ஒரு அட்டையை வட்டமாக வெட்டி, ஸ்பீக்கர் உட்காரும் தூரத்தில் பெட்டிக்குள் பிடித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஒரு கூரியர் திருப்பலை மிச்சப்படுத்தும். துளைகளையும் பாருங்கள். செலஸ்டியன் கம்பெனியின் 12 இஞ்ச் ஸ்பீக்கர்களில் வெளி விட்டம் 309, பலகையில் வெட்ட வேண்டிய ஓட்டை 283, ஸ்குரூ துளைகள் உட்காரும் வட்டம் 297 மில்லிமீட்டர்.

எடையையும் மறக்க வேண்டாம். செலஸ்டியன் கிரீன்பேக் 3.6 கிலோ, அதே கம்பெனியின் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் 4.7 கிலோ. பார்ட்டிகிள் போர்டில் செய்த லேசான பெட்டியில் இந்த வித்தியாசம் தெரியும். டூவீலரில் முன்னால் வைத்து ஓசூர் ரோட்டில் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

8 இஞ்ச் பெட்டியின் பலகையை அறுத்து 10 இஞ்ச் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். பெட்டி கெடும், விற்கும்போது விலையும் போகும். அதற்குப் பதில் ஆசாரியிடம் சொல்லி 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில், ஏறத்தாழ 20 இஞ்ச் அகலம், 18 உயரம், 10 ஆழத்தில், பின்பக்கம் பாதி திறந்த ஒரு பெட்டி செய்து அதில் 12 இஞ்ச் ஸ்பீக்கரை மாட்டுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றி, அந்த இடத்தில் இந்தப் பெட்டியை இணைத்து வாசியுங்கள். 5 வாட் ஆம்பா இது என்று கேட்பீர்கள். ஒரு சின்ன ஆம்புக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சென்சிட்டிவிட்டி: என் கார் வூஃபர் ஏன் தோற்றது

ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதுதான் சென்சிட்டிவிட்டி. கிரீன்பேக் 98, விண்டேஜ் 30 தருவது 100. நல்ல 8 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 90களின் நடுவில் நிற்கும். கார் வூஃபர்கள் பலவும் 85, 88 என்றுதான் இருக்கும், ஏனென்றால் கனமான கோனும் சுற்றி ரப்பரும் வைத்து, ஆழமான பேஸுக்காகச் செய்தவை அவை. தள்ளுவதற்கு நூற்றுக்கணக்கான வாட் கொண்ட கார் ஆம்ப் பின்னால் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தவை.

டெசிபெல் கணக்கில் 3 ஏறினால் ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 10 ஏறினால் பத்து மடங்குச் சக்தி, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தம். இப்போது என் கதையைப் பாருங்கள். 95 டெசிபெல் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் 85 டெசிபெல் வூஃபரை வைத்தால், 5 வாட் ஆம்பை அரை வாட் ஆம்பாக மாற்றியதற்குச் சமம். 150 வாட் என்ற தங்க எழுத்து எதுவும் செய்யாது. அது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்றுதான் சொல்கிறது, எவ்வளவு கொடுக்கும் என்று சொல்வதில்லை.

கார் வூஃபரில் இன்னொரு குறையும் உண்டு. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, அதற்குக் கீழே கிட்டாருக்கு வேலையே இல்லை. கிட்டார் ஸ்பீக்கர்கள் அந்தப் பகுதியிலிருந்து தொடங்கி 5000 ஹெர்ட்ஸ் வாக்கில் சரிந்துவிடும். 2000, 3000 ஹெர்ட்ஸ் பகுதியில் வேண்டுமென்றே ஒரு மேடு இருக்கும். கிட்டார் கூட்டத்தில் தனியாகக் கேட்பது அந்த மேட்டால்தான். வூஃபரில் அந்த மேடு இல்லை, அதனால் கம்பளி போர்த்திய சத்தம். மாறாக, ட்வீட்டர் வைத்த பி.ஏ. ஸ்பீக்கரில் மேல் பகுதி முழுவதும் வரும். அதில் டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே கரகரப்பாக்கிய கிட்டார் சத்தம்) வாசித்தால் தகரத்தில் தேனீ புகுந்தது போலக் காதைக் குடையும்.

சரி, அப்படியானால் எல்லாரும் 100 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கலாமா? எங்கே வாசிக்கிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். சர்ச்சிலோ மெல்லிசைக் கச்சேரியிலோ டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால் அதிகச் சென்சிட்டிவிட்டி பெரிய உதவி. 94இலிருந்து 100க்குப் போனால் 5 வாட் ஆம்ப் 20 வாட் ஆம்ப் போல நடந்துகொள்ளும். புது ஆம்ப் வாங்குவதைவிடச் செலவு குறைவு. ஆனால் வீட்டில், அதுவும் மச்சு வீட்டின் சின்ன ரூமில் வாசிக்கிறவருக்கு இது பாதகம். வால்வு ஆம்பின் இனிமை வால்யூமைத் திருகினால்தான் வரும். 100 டெசிபெல் ஸ்பீக்கரில் அந்த இடம் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். அவருக்கு நான் 95க்குக் கீழே உள்ள ஸ்பீக்கரைத்தான் சொல்வேன். மேடையில் ஆம்புக்கு முன்னால் மைக் வைத்து ரேடியோ செட்டுக்குக் கொடுப்பவருக்கும் சத்தம் முக்கியம் இல்லை, குணம்தான் முக்கியம்.

வாட்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆம்ப் வாட்டைப்போல இரண்டு மடங்கு தாங்கும் ஸ்பீக்கர் வாங்குங்கள். முழுதாக டிஸ்டார்ட் ஆகும்போது 15 வாட் ஆம்ப், அலை சதுரமாகி, கிட்டத்தட்ட 30 வாட் வரை தள்ளும். அதனால் 15 வாட் ஆம்புக்கு 30 வாட் ஸ்பீக்கர் போதும். 5 வாட் ஆம்புக்கு 10, 15 வாட். அதற்கு மேல் வாங்குவதில் தவறில்லை, ஆனால் சின்ன ஆம்பில் கோன் அசையும்போது வரும் இயல்பான நெகிழ்வு குறைந்துவிடும். கிரீன்பேக் வெறும் 25 வாட்தான். செலஸ்டியன் ப்ளூ 15 வாட் மட்டுமே, அதன் விலையைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

குணம்: காந்தமும் கோனும்

ப்ளூவின் விலைக்குக் காரணம் அல்நிகோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்தது. 1970களில் கோபால்ட் விலை ஏறியபோதுதான் ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் பெருமளவில் ஃபெரைட்டுக்கு, அதாவது கடைக்காரர்கள் செராமிக் என்று சொல்லும் காந்தத்துக்கு மாறினார்கள். பலமாக மீட்டும்போது அல்நிகோ கொஞ்சம் அழுத்தி, மென்மையாக்கித் தரும். ஃபெரைட் கெட்டியாக, நேராகப் பேசும். வித்தியாசம் உண்டு, ஆனால் முதல் மாற்று ஸ்பீக்கருக்கு அல்நிகோ தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் காசில் ஒரு பெட்டியும் ஃபெரைட் ஸ்பீக்கரும் வந்துவிடும்.

பெயர்களைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் செலஸ்டியன், அமெரிக்காவின் கென்டக்கியில் 1966இல் தொடங்கிய எமினன்ஸ், இத்தாலியில் தயாராகும் ஜென்சன் என்று மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற, மணி போன்ற கிளீன் (டிஸ்டார்ஷன் இல்லாத) சத்தம் வேண்டுமானால் ஜென்சன்: 8 இஞ்சில் சி8ஆர், 10இல் சி10ஆர், 12இல் சி12என். நடுப்பகுதி திரண்டு, டிஸ்டார்ஷன் அழகாக வர வேண்டுமானால் செலஸ்டியன்: எய்ட் 15, டென் 30, கிரீன்பேக். மேல் பகுதி குத்துகிறது என்று புலம்புகிறவர்களுக்கு எமினன்ஸின் கஞ்சா நார் கோன் வைத்த ஸ்பீக்கர்கள்: 8இல் 820எச், 12இல் கன்னாபிஸ் ரெக்ஸ். சத்தம் வழவழப்பாக வரும். விண்டேஜ் 30 நல்ல ஸ்பீக்கர்தான், ஆனால் மேல் நடுப்பகுதியில் கூர்மை உண்டு. ஏற்கெனவே பளிச்சென்றிருக்கும் ஆம்பில் அதை வைத்தால் காது வலிக்கும்.

கோன் மாற்றினால் போதுமா?

நம் பக்கத்து ரேடியோ செட்காரர்களுக்குப் பழக்கமான ஸ்பீக்கர் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கோனும் காயிலும் புதிதாகப் போட்டுத் தருவார்கள், கை வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் அவர்கள் வைத்திருப்பது பி.ஏ. ஸ்பீக்கருக்கான கோன். அதைக் கிட்டார் ஸ்பீக்கரில் போட்டால் ஸ்பீக்கர் ஓடும், குணம் போய்விடும். விளிம்பில் சின்னக் கிழிசல் என்றால் டிஷ்யூ பேப்பரும் காய்ந்தபின் இளகி நிற்கும் பசையும் வைத்து ஒட்டிப் பல வருடம் ஓட்டலாம். காயில் எரிந்திருந்தால், அந்த மாடலுக்கே உரிய கோன் கிடைத்தால் மட்டும் மாற்றுங்கள்.

வாங்குவதற்கு, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம், பஸ்ஸில் இரண்டு மணி நேரச் சொச்சம். இசைக்கருவிக் கடைகளில் கேளுங்கள். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் வயர், ஜாக், லக் (வயர் முனையில் போடும் உலோகச் செருகி) எல்லாம் கிடைக்கும், கிட்டார் ஸ்பீக்கரை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எடைக்குக் கூரியரும் சுங்க வரியும் சேரும். மொத்தத்தையும் கணக்கிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பழையது வாங்கினால் மீட்டரையும் பேட்டரியையும் பையில் எடுத்துப் போங்கள்.

மாட்டும் வேலை

பிளக்கைப் பிடுங்கி, வால்வுகள் ஆறும்வரை காத்திருங்கள். ஸ்பீக்கர் மாற்ற ஆம்பின் சேசிஸை (சர்க்யூட் இருக்கும் உலோகச் சட்டம்) திறக்க வேண்டிய அவசியமே இல்லை, திறக்கவும் வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கி நிற்கும்.

பழைய வயர்களில் எது பிளஸ் முனைக்குப் போனது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புது ஸ்பீக்கரில் குறி இல்லையென்றால் பேட்டரியே சொல்லும்: பேட்டரியின் பிளஸ் எந்த முனையைத் தொடும்போது கோன் வெளியே தள்ளுகிறதோ அது பிளஸ். ஒற்றை ஸ்பீக்கரில் இது மாறினாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு ஸ்பீக்கர் சேரும்போது மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும்.

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் கோனின் மேல் ஒரு அட்டையைப் போட்டு மூடுங்கள். காந்தம் டிரைவரை வெடுக்கென்று இழுக்கும், நுனி நேராகக் கோனில் இறங்கும். புது கிரீன்பேக்கை மாட்டுவதற்கு முன்பே ஓட்டை போட்டவரை எனக்குத் தெரியும். ஸ்குரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் சட்டம் வளைந்து காயில் உரசும். வயரை ஈயம் வைத்துப் பற்றினால் சீக்கிரம் முடித்துவிடுங்கள், சூடு அதிகமானால் பின்னல் வயர் விட்டுவிடும். லக் வைத்துச் செருகுவது இன்னும் நல்லது. தனிப் பெட்டிக்குப் போகும் வயர் சாதாரண இரட்டைப் பவர் வயராக இருக்கட்டும். கிட்டார் கேபிளை அங்கே போடக் கூடாது, அதன் உள்கம்பி மெல்லியது.

முதல் நாளே "சத்தம் கட்டையாக இருக்கிறதே" என்று முடிவுக்கு வராதீர்கள். புது ஸ்பீக்கரின் விளிம்பு விறைப்பாக இருக்கும். சில வாரம் நன்றாகச் சத்தமாக வாசித்தால் இளகும், மேல் பகுதியின் கூர்மை கொஞ்சம் தணியும், கீழ்ப் பகுதி விரியும். அதுவரை ஆம்பின் ட்ரெபிளைக் குறைத்து வாசியுங்கள். ஒரு மாதம் கழித்தும் பிடிக்கவில்லையென்றால் அப்போது மாற்றலாம்.

கழற்றிய பழைய ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆம்பை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். காந்தத்தின் மேல் மார்க்கரால் ஓமையும் கழற்றிய தேதியையும் எழுதி, செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். அட்டைப் பெட்டியில் வைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் எலி கோனைத் தின்றுவிடும்.